தில்லி முதல் போபால் வரை: பஷ்தூன் அரசுகள் குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பஷ்தூன், ஆப்கானியர், பட்டாணியர், ரோகில்லா என்பவை ஒரே மக்களின் பெயர்களா? கில்ஜி சுல்தான்களையும் இவர்களோடு சேர்க்கலாமா?

பதில்: நடுக்கால வரலாற்றைப் பொறுத்தவரை நான்கும் ஒரே மக்களைக் குறிப்பவைதாம். பஷ்தூன் என்பது அவர்கள் தங்கள் மொழியில் தமக்கு இட்டுக்கொண்ட பெயர். பாரசீக வரலாற்று நூல்கள் ஆப்கானியர் என்று எழுதின. பட்டாண் என்பது இந்தியாவில் வழங்கிய வடிவம். அவர்களின் மலைநாட்டுக்கு ‘ரோ’ என்றொரு பெயர் உண்டு. அங்கிருந்து வந்தவர்கள் ரோகில்லாக்கள். கில்ஜிகள் துருக்கிய வழியினர். நெடுங்காலம் ஆப்கானிய நிலத்தில் வாழ்ந்திருந்ததால் தில்லியின் துருக்கியப் பிரபுக்கள் அவர்களை ஆப்கானியராகவே கருதினார்கள். ஆயினும், 1451இல் பகலூல் லோதி தில்லி அரியணை ஏறியதிலிருந்து பஷ்தூன் அரசுகளின் கணக்கைத் தொடங்குவதே சரியென்பது என் கருத்து.

கேள்வி: லோதிகள் பாபரின் பீரங்கிகளால்தான் வீழ்ந்தார்கள் என்று பள்ளியில் படித்தோம். அது முழு உண்மையா?

பதில்: பாதி உண்மை. மற்றப் பாதி பஷ்தூன் குலங்களின் அமைப்பில் இருக்கிறது. இந்த அரசுகள் அனைத்தையும் புரிந்துகொள்வதற்கான திறவுகோலும் அதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பஷ்தூன் குலத் தலைவன் அரசன் அல்லன், சமமானவர்களுக்குள் மூத்தவன். வென்ற நிலம் குலத்தாரின் பொதுச் சொத்து என்றும், அதில் தமக்குப் பங்கு உண்டு என்றும் ஒவ்வொரு சர்தாரும், அதாவது படைத்தலைவரும், கருதினார். பகலூல் இதை நன்கு அறிந்தவர். சர்தார்கள் முன்னிலையில் அவர் அரியணையில் அமராமல் ஒரே விரிப்பில் அவர்களோடு அமர்ந்தார் என்றும், யாரேனும் மனத்தாங்கல் கொண்டால் அவர் வீட்டுக்கே சென்று, தம் வாளைக் கழற்றி முன்வைத்துச் சமாதானம் செய்தார் என்றும் பிற்கால நூல்கள் கூறுகின்றன. இந்தப் பணிவைப் பலவீனம் என்று எண்ணுவோர் உண்டு. ஜௌன்பூரின் ஷர்கி அரசை 1479இல் அவர் விழுங்கியது இதே சர்தார்களின் வாள்களைக் கொண்டுதான்.

பகலூலின் பேரனான இப்ராகிம் 1517இல் பட்டத்துக்கு வந்தபோது, நாட்டைப் பங்கிட்டு அவருடைய தம்பி ஜலால்கானுக்கு ஜௌன்பூரைக் கொடுக்க வேண்டும் என்று சர்தார்கள் வற்புறுத்தினார்கள். முதலில் இசைந்த இப்ராகிம் பின்னர் மனம் மாறினார், தம்பி கொல்லப்பட்டார். அரசனுக்கு உறவினர் கிடையாது, எல்லோரும் குடிகளே என்பது அவர் கொள்கை. சர்தார்கள் கைகட்டி நிற்க வேண்டியதாயிற்று. குவாலியரை முற்றுகையிட்டுக்கொண்டிருந்த ஆசம் ஹுமாயூன் சர்வானி திரும்ப அழைக்கப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். பீகாரில் லோகானி என்னும் பஷ்தூன் குலத்தார் தனியரசு நிறுவினார்கள்; பஞ்சாபை ஆண்ட தௌலத்கான் லோதி காபூலில் இருந்த பாபரின் உதவியை நாடினார். 1526 ஏப்ரல் 21 அன்று பானிபட்டில் இப்ராகிம் களத்திலேயே போரிட்டு மடிந்தார். தம்மிடம் இருந்தவர்கள் 12,000 பேர் என்றே பாபர் எழுதுகிறார். பீரங்கி முழங்குவதற்கு முன்பே அந்த அரசு உள்ளுக்குள் பிளந்துவிட்டிருந்தது.

கேள்வி: ஷெர்ஷா இதிலிருந்து பாடம் கற்றாரா? ஐந்தே ஆண்டுகள் ஆண்டவர் எப்படி இவ்வளவு செய்தார்?

பதில்: சூர் என்னும் பஷ்தூன் குலத்தவரான ஷெர்ஷா, பீகாரின் சசாராமில் தந்தையின் ஜாகீரை (பணிக்காக அரசு அளித்த நிலப்பகுதியை) நிர்வகித்தபோதே நிலவரியையும் உழவர் நிலையையும் நேரில் கற்றவர். 1539இல் சௌசாவிலும் 1540இல் கன்னோஜிலும் பாபரின் மகன் ஹுமாயூனை வென்ற பின், நிலத்தை அளந்து வரி விதித்தல், குதிரைகளுக்குச் சூடு போட்டு அடையாளமிடுதல், ஏறத்தாழ 178 கிரெயின் (சுமார் 11.5 கிராம்) எடையுள்ள வெள்ளி ரூபாய், சாலையோரச் சத்திரங்கள் என்று அவர் அமைத்தவற்றின் மீதே அக்பரின் ஆட்சி எழுந்தது. சர்தார்களுக்குத் தாராளமாகக் கொடுத்தபடியே அவர்களைக் கட்டுக்குள்ளும் வைத்திருந்தார். அந்தச் சமநிலை அவரது தனித்திறமை. 1545இல் காலிஞ்சர் முற்றுகையின்போது வெடிமருந்து தீப்பற்றி அவர் இறந்தார்.

மகன் இஸ்லாம்ஷாவுக்கு அந்தப் பக்குவம் இல்லை. மாவட்டந்தோறும் கூடாரம் அமைத்து, அதில் வைக்கப்பட்ட தம் காலணிக்குச் சர்தார்கள் வணக்கம் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டார் என அக்பர் கால வரலாற்றாசிரியர் பதாயூனி எழுதுகிறார். பரதன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்குப் பாதுகையை வணங்குவது அன்பின் செயலாகத் தோன்றலாம். தம்மை அரசனுக்குச் சமமாகக் கருதியவர்களுக்கு அது ஆறாத அவமதிப்பு. அவர் மறைந்ததும் சிறுவனான மகன் பிரோஸ் தாய்மாமனாலேயே கொல்லப்பட, சூர் அரசு பல துண்டுகளாயிற்று.

கேள்வி: தில்லி போன பிறகு இவர்கள் என்ன ஆனார்கள்?

பதில்: வங்காளத்தில் கர்ரானி என்னும் பஷ்தூன் குலத்தார் 1576 வரை ஆண்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் முகலாயர் தளர்ந்ததும் ரோகில்கண்ட், பரூக்காபாத், போபால் என்று புதிய அரசுகள் எழுந்தன. 1774இல் அவத் நவாபும் ஆங்கிலேயரும் சேர்ந்து ஹாபிஸ் ரஹ்மத்கானைக் கொன்ற பின் ரோகில்லாக்களுக்கு ராம்பூர் மட்டுமே எஞ்சியது. இவற்றுள் நான் மிகவும் மதிப்பது போபாலை. 1819இல் குத்சியா பேகம் தொடங்கி, சிக்கந்தர், ஷாஜகான், சுல்தான் ஜகான் என்று நான்கு பெண்கள், 1837 முதல் 1844 வரையிலான ஓர் இடைவெளி தவிர, 1926 வரை அந்நாட்டை ஆண்டார்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தர் சுல்தான் ஜகான் பேகமே.

கேள்வி: தமிழகத்தோடு இவர்களுக்குத் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. வாலிகண்டபுரத்தில் பீஜப்பூரின் ஆளுநராக இருந்த ஷேர்கான் லோதியின் இசைவால்தான் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் காலூன்றினார்கள். 1677இல் சிவாஜி அவரைத் தோற்கடித்தார். 1702இல் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்ட முகலாய ஆளுநர் தாவூத்கான் பன்னியும் பட்டாணியரே.

1750 டிசம்பரில் செஞ்சிக்கு அருகே, கர்நூல், கடப்பை, சாவனூர் ஆகியவற்றின் பட்டாண் நவாபுகள் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயுடன் சேர்ந்து செய்த சதியால் ஐதராபாத் நிசாம் நாசிர் ஜங் கொல்லப்பட்டார். அடுத்து நிசாமான முசாபர் ஜங் தங்களுக்கு உரிய பங்கைத் தரவில்லை என்று அதே நவாபுகள் கொதித்தார்கள். இரண்டே மாதங்களில், ஐதராபாத் செல்லும் வழியில், கடப்பைச் சீமையில் நடந்த சண்டையில் முசாபர் ஜங்கும் கர்நூல் நவாபும் ஒருங்கே மாண்டார்கள்.