கயாக் வாங்கப் போகிறீர்களா? வாசகர் கேள்வி-பதில்

மாரி மழை ஓய்ந்து குளங்கள் நிறைந்து நிற்கின்றன. துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு வள்ளமான கயாக் பற்றிய கடிதங்களும் அதே அளவுக்கு வந்து குவிந்திருக்கின்றன. நீண்ட கடிதங்களைச் சுருக்கிவிட்டேன். ஆட்களின் பெயரும் கடைகளின் பெயரும் இல்லை.

கேள்வி: நானும் பன்னிரண்டு வயது மகனும் விடுமுறை நாட்களில் பாவற்குளத்தில் ஓட்டுவதற்கு ஒரு கயாக் தேடுகிறோம். கொழும்புக் கடையொன்றில் உள்ளே கால் நீட்டி இருக்கும் 16 அடிக் கடல் கயாக்கைக் காட்டி, "ஆகத் திறம் இதுதான்" என்கிறார்கள். வாங்கலாமா? – வவுனியா

பதில்: வேண்டாம். அது நல்ல வள்ளம்தான், ஆனால் உங்களுக்கான வள்ளம் அல்ல. நீளம் கூடினால் கயாக் நேராகவும் விரைவாகவும் ஓடும். அகலம் கூடினால் ஆடாமல் நிற்கும். கடல் கயாக்கின் அகலம் ஏறக்குறைய 55 சென்ரிமீற்றர் தொடக்கம் 60 வரைதான். பழகாத ஒருவர் ஏறி இருந்ததுமே அது தளம்பத் தொடங்கிவிடும். நாள் முழுக்கத் தூரம் போகிறவர்களுக்கு அந்த வடிவம் தேவை. காலையில் குளத்தில் ஒரு சுற்றுப் போய்வர அது தேவையில்லை.

நீங்கள் கேட்க வேண்டியது மேலே இருந்து ஓட்டும் வகை. அதன் உடல் முழுவதும் மூடியது. தளத்தில் மேலிருந்து கீழாக ஊடுருவிப் போகும் வடிதுளைகள் இருக்கும், ஏறிய தண்ணீர் அவற்றால் வடிந்துவிடும். கவிழ்ந்தால் நிமிர்த்திப் போட்டு, குறுக்கே வயிற்றை வைத்து ஏறி, திரும்பி இருந்துகொள்ளலாம். உள்ளே இருந்து ஓட்டும் வகை கவிழ்ந்து நிரம்பினால் நூறு லீற்றருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். நடுக்குளத்தில் அதை வெறுமையாக்குவதற்குப் பயிற்சி வேண்டும். குளிர் நாடுகளில் இடுப்புக்குக் கீழே நனையாமல் இருக்க அந்த வகையை விரும்புகிறார்கள். எங்கள் வெயிலில் நனைந்தால் நல்லதுதானே.

இருவருக்கு என்றால் 3.7 மீற்றர் அளவில் இரட்டை இருக்கை எடுங்கள். நடுவிலும் ஓர் இருக்கைப் பள்ளம் உள்ளதாகப் பாருங்கள், மகன் வராத நாளில் நீங்கள் தனியாக ஓட்டலாம். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: இரட்டைக் கயாக் பெரும்பாலும் 30 கிலோ அளவில் வரும். பட்டா லொறியில் ஏற்ற இன்னொரு ஆள் வேண்டும். வாங்குவதற்கு முன் கடையிலேயே ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.

உடல் வார்ப்புப் பொலிஎதிலீன் பிளாஸ்ரிக்காக இருக்கட்டும். வன்னிக் குளங்கள் பலவற்றில் நீருக்கடியில் பட்ட மரக்கட்டைகள் நிற்கின்றன. கோடையில் நீர் இறங்கியதும் அவை வெளியே தெரியும், இப்போது தெரியாது. பொலிஎதிலீன் மோதலைத் தாங்கி நெளியும். பைபர் வெடிக்கும். காற்றடிக்கும் கயாக் கிழியும்.

கேள்வி: இன்டெக்ஸ் எக்ஸ்புளோரர் கே2 காற்றடிக்கும் கயாக் வாங்கினோம். பெட்டியில் 180 கிலோ என்று போட்டிருக்கிறது. நான் 88 கிலோ, தம்பி 79 கிலோ. தூண்டிலும் ஐஸ் பெட்டியும் கொண்டுபோகலாமா? – மாங்குளம்

பதில்: கொண்டுபோகக் கூடாது. பெட்டியில் உள்ளது உச்ச எல்லை. வசதியாக ஓட்ட வேண்டுமென்றால் அதில் ஏறத்தாழ 70 வீதத்துக்குள் நிற்க வேண்டும். நீங்கள் இருவர் மட்டும் ஏறினாலே அதைத் தாண்டிவிட்டீர்கள்.

கேள்வி: அதே வகைக் கயாக்கை நன்றாக இறுக்கிக் காற்றடித்து, மத்தியானம் வரை குளக்கட்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். வந்து பார்த்தால் பொருத்து வெடித்திருக்கிறது. கடைக்காரர் உத்தரவாதத்தில் மாற்றித் தர மறுக்கிறார். முறைப்பாடு செய்யலாமா? – ஒட்டுசுட்டான்

பதில்: வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரியும். கரையில் விடும்போது கொஞ்சம் காற்றைத் திறந்துவிட வேண்டும், நிழலில் வைக்க வேண்டும். இது கயாக்கோடு வரும் கைநூலில் இருக்கும். வாங்கிய பொருளின் தாளைக்கூடப் பிரித்துப் பார்க்காதவருக்காக நான் கடைக்காரரோடு சண்டைக்குப் போக முடியாது. பொருத்தைத் துப்புரவாக்கி, பிவிசிக்கு உரிய பசையால் அதே பிவிசித் துணியில் ஒட்டுப்போட்டுப் பாருங்கள்.

கேள்வி: முகநூல் விளம்பரம் பார்த்து, பாவித்த பிளாஸ்ரிக் கயாக் ஒன்றை 65,000 ரூபாவுக்கு வாங்கினேன். விற்றவர் பாவித்த வள்ளங்களை இறக்கி விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர். புதிதாகப் பெயின்ற் அடித்திருந்தது. இரண்டாம் கிழமை தண்ணீர் உள்ளே வந்தது. இங்கே வள்ளம் திருத்துபவர் பைபர் பூசிக் கொடுத்தார், மூன்று நாளில் அது உரிந்துவிட்டது. தொழிலுக்குப் போகாத நாட்களில் பிள்ளைகளை ஏற்றி ஓட்டலாம் என்று சீட்டுக்காசில் வாங்கியது. – முல்லைத்தீவு, மீனவர்

பதில்: அண்ணை, உங்களில் பிழை இல்லை. கடலில் வாழ்கிற உங்களுக்கு வள்ளம் தெரியும், ஆனால் இந்தப் பிளாஸ்ரிக் உங்கள் வள்ளத்தின் பைபர் அல்ல. பழுதை மறைப்பதற்குத்தான் பெயின்ற். பொலிஎதிலீன் கயாக்குக்கு நிறம் பிளாஸ்ரிக்கோடு கலந்தே வார்க்கப்படும், மேலே பூச வேண்டிய தேவையே இல்லை. பூசியிருந்தால் எதையோ மூடியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிளாஸ்ரிக்கில் பைபர் பிசின் பிடிக்காது, சாதாரணப் பசையும் பிடிக்காது. அதே வகைப் பிளாஸ்ரிக் குச்சியைச் சூட்டில் உருக்கி ஒட்ட வேண்டும். தண்ணீர்த் தாங்கி ஒட்டுகிறவர்கள் சிலர் இந்த வேலை செய்வார்கள். அவரிடம் முதலில் ஒரு துண்டில் ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

வடிதுளையின் விளிம்புதான் முதலில் வெடிக்கும் இடம். நானும் ஒருமுறை படங்கு போட்டு மூடிவைத்திருந்த கயாக்கை மேல்பக்கம் மட்டும் பார்த்து வாங்கி வந்தேன். வீட்டில் கவிழ்த்தபோது அடிப்பக்கத்தில் விரல் தேய்த்தால் மா மாதிரி வெள்ளைத் தூள் ஒட்டியது. பல வருடம் வெயிலில் கிடந்து நைந்த பிளாஸ்ரிக் அது. முதல் கட்டையில் மோதியதும் பிளந்தது. ஆகவே பாவித்த கயாக் பார்க்கப் போகிறவர்கள் அதைக் கவிழ்த்துப் போடச் சொல்லுங்கள். ரோச் லைற் ஒன்றை உள்ளே வைத்து, மங்கல் நேரத்தில் வெளியிலிருந்து பாருங்கள், வெடிப்பு வெளிச்சம் காட்டும். வடிதுளைகளுக்குச் சவர்க்காரத் தண்ணீர் பூசி, உடலுக்குள் புகுந்த தண்ணீரை வெளியேற்றும் வடிகால் மூடியைக் கழற்றி, அந்தத் துவாரத்தால் மெதுவாக வாயால் ஊதுங்கள், ஓட்டை இருந்தால் நுரை எழும்பும். அடியில் வெறும் பள்ளம் இருந்தால் பயப்பட வேண்டாம். வெயிலில் கவிழ்த்து வைத்தால் பெரும்பாலும் தானாக நிமிரும்.

இனிக் காசு. விற்றவர் வியாபாரி என்பதால், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் போகலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். விளம்பரத்தின் படம், காசு அனுப்பிய சீட்டு, வெடிப்பின் படம், பைபர் பூசியவரின் சிட்டை எல்லாவற்றையும் சேர்த்து மாவட்டச் செயலகத்தில் உள்ள அவர்களின் பிரிவில் கொடுங்கள். தொலைபேசி 1977. நாட்களை எண்ணுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: பற்றுச்சீட்டு வேண்டாம் என்றால் 5,000 ரூபா குறைப்பதாகக் கடைக்காரர் சொன்னார். ஒத்துக்கொண்டேன். இப்போது இருக்கை கழன்றுவிட்டது, அவர் என்னைத் தெரியாது என்கிறார். – புதுக்குடியிருப்பு

பதில்: உங்களுடைய ஒரே சாட்சியை 5,000 ரூபாவுக்கு விற்றுவிட்டீர்கள். வங்கி வழியாகக் காசு கொடுத்திருந்தால் அந்தப் பதிவைத் தேடி எடுங்கள்.

மற்றவர்கள் கேளுங்கள். வாங்குகிறவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும், அது சட்டம். இன்னொன்றும் இருக்கிறது. 1896ஆம் ஆண்டிலிருந்து இங்கே பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் உண்டு. எதற்காக வாங்குகிறேன் என்று சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்பது அதில் உள்ளது. ஆகவே "இரணைமடுக் குளத்தில் இருவர் ஓட்டுவதற்கு" என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: இரண்டு கயாக் வாங்கினால் நான்கு உயிர்காப்பு ஜக்கெற் இலவசம் என்றார்கள். பார்வைக்கு நன்றாக இருக்கின்றன. பிள்ளைகளுக்குப் போடலாமா? – கிளிநொச்சி, ஆசிரியை

பதில்: போட வேண்டாம், ரீச்சர். இதைப் பற்றி நீளமாகவே எழுதப் போகிறேன், ஏனென்றால் இந்த இலவச ஜக்கெற்றுகளைக் கண்டால் எனக்குக் கோபம் அடங்குவதில்லை.

இப்படி வந்த ஜக்கெற் ஒன்றின் தையலை பிளேட்டால் பிரித்துப் பார்த்தேன். உள்ளே மெத்தை தைத்து மிஞ்சிய ஸ்பொஞ் துண்டுகள். மஞ்சள், சாம்பல், ரோஸ் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டு அமத்திவிட்டு விட்டேன். காலையில் அது தண்ணீரைக் குடித்து வாளியின் அடியில் கிடந்தது. அந்த ஜக்கெற்றைப் போட்ட பிள்ளையைத் தண்ணீரில் மேலே தூக்க எதுவும் இருக்காது. நனைந்த ஸ்பொஞ்சின் பாரமும் சேரும். செம்மஞ்சள் துணியும் வெள்ளைப் பட்டியும் யாரையும் மிதக்க வைக்காது.

நல்ல ஜக்கெற்றின் உள்ளே தண்ணீர் புகாத மூடிய நுரை இருக்கும். எவ்வளவு தூக்கும் என்பதை நியூற்றனில் குறிப்பார்கள். பத்து நியூற்றன் என்றால் கிட்டத்தட்ட ஒரு கிலோவைத் தாங்கும். ஐஎஸ்ஓ 12402-5 என்ற தரக் குறி போட்டிருந்தால் பெரியவர் அளவில் 50 நியூற்றன். அது நீந்தத் தெரிந்தவருக்கு, கரை பக்கத்தில் இருக்கும்போது. ஐஎஸ்ஓ 12402-4 என்றால் 100 நியூற்றன், முகம் மேலே வரும்படி ஆளைத் திருப்புவதற்காகச் செய்தது. நீந்தத் தெரியாதவருக்கு அதுதான். பிள்ளைகளின் ஜக்கெற்றில் எத்தனை கிலோ எடையுள்ள பிள்ளைக்கு என்று எழுதியிருக்க வேண்டும், கால்களுக்கு இடையால் வரும் பட்டி இருக்க வேண்டும். "வளர்ந்தாலும் போடலாம்" என்று பெரிய அளவு எடுக்காதீர்கள். தண்ணீரில் ஜக்கெற் மேலே போகும், பிள்ளை கீழே நழுவும்.

போட்டுக் கட்டிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுங்கள். நாடியைத் தாண்டி வந்தால் அளவு பெரிது. பிறகு நெஞ்சளவு தண்ணீரில், நீங்கள் பக்கத்தில் நின்றபடி, பிள்ளை காலைத் தூக்கி மிதக்கட்டும். வாயும் மூக்கும் தண்ணீருக்கு மேலே நிற்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டு சோதனையும் முடியும்வரை கயாக்கைத் தண்ணீரில் இறக்காதீர்கள். வாங்கக் காசு போதாவிட்டால் கயாக்கை விலை குறைந்ததாக எடுங்கள், ஜக்கெற்றில் குறைக்காதீர்கள். அப்புறம், குளத்து மதகான துருசுப் பக்கமும், நிறைந்த குளம் வழிந்து வான் பாயும் பக்கமும் ஜக்கெற் போட்டுக்கொண்டும் போக வேண்டாம். அந்த இழுவைக்கு எந்த ஜக்கெற்றும் ஈடு கொடுக்காது.

கேள்வி: யூலையில் முல்லைத்தீவுக் கடல் கரையோரமாக அலையில்லாமல் கிடக்கிறது. காற்றடிக்கும் கயாக் போதும்தானே? – முள்ளியவளை

பதில்: போதாது. யூலையில் வீசுவது தென்மேற்குக் காற்றான சோளகம். எங்கள் கரையில் அது தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும், அதனால்தான் கரையோரம் அமைதியாகத் தெரிகிறது. பாரமில்லாத, உயரமான காற்றுக் கயாக்கை அது வெளியே தள்ளிக்கொண்டு போகும். திரும்பி வருவது முழுக்கக் காற்றுக்கு எதிரே. பழகாமல் அந்தக் காலத்தில் எந்தக் கயாக்கிலும் கடலில் இறங்காதீர்கள். களப்பில் ஓட்டலாம் என்றால் முதலில் அங்கே தொழில் செய்பவர்களிடம் வலை எங்கே கட்டியிருக்கிறது என்று கேளுங்கள். ஒருவருடைய சிறகு வலையைக் கிழித்தால் அவருடைய அன்றைய உழைப்புப் போய்விடும்.

கேள்வி: பறவை பார்க்கச் சுண்டிக்குளத்தில் கயாக் விடலாமா? – தருமபுரம்

பதில்: அது 2015 முதல் தேசிய பூங்கா. வனஜீவராசிகள் திணைக்களத்திடம் கேட்காமல் விடாதீர்கள்.

கேள்வி: துடுப்பு எவ்வளவு நீளம்? – நெடுங்கேணி

பதில்: கயாக் 75 சென்ரிமீற்றர் அகலமென்றால் 230 சென்ரிமீற்றர். நீங்கள் ஆறடிக்கு மேல் என்றால் 240.

கேள்வி: முகநூல் பக்கமொன்றில் கயாக்குக்கு முற்பணமாக 40,000 ரூபா வங்கியில் போட்டேன். மறுநாள் என்னை முடக்கிவிட்டார்கள். ஆடைத் தொழிற்சாலைச் சம்பளத்தில் சேர்த்த காசு. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. – விசுவமடு

பதில்: தங்கச்சி, முதலில் வீட்டில் சொல்லுங்கள். ஏமாற்றியவர் வெட்கப்பட வேண்டிய விடயம் இது, நீங்கள் அல்ல. இன்றைக்கே செய்ய வேண்டியவை: காசு போட்ட சீட்டோடு உங்கள் வங்கிக் கிளைக்குப் போய், அந்தக் கணக்கு மோசடிக்குப் பயன்பட்டது என்று எழுத்தில் கொடுங்கள், பெற்றதற்கு முத்திரை வாங்குங்கள். தோழி ஒருவரின் தொலைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, விளம்பரம், முகவரி, பக்கம் தொடங்கிய திகதி எல்லாவற்றையும் படம் எடுங்கள். உங்களோடு கதைத்த செய்திகளை அழிக்காதீர்கள். பிறகு பொலிசில் முறைப்பாடு. கணக்கு இலக்கத்தையும் கணக்குக்காரரின் பெயரையும் முறைப்பாட்டில் எழுதச் சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். "சின்னக் காசுதானே" என்று யாராவது சொன்னால் எழும்பி வராதீர்கள், நிலையப் பொறுப்பதிகாரியைக் கேளுங்கள். அதே பக்கத்தில் வேறு யாரும் காசு போட்டிருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். முறைப்பாட்டின் பிரதியை எனக்கும் அனுப்புங்கள், வங்கிக்கு நினைவூட்டல் கடிதம் எழுத நான் உதவுகிறேன்.