முந்திரிகைப் பந்தலில் பச்சைப் பாம்பு: என்ன மருந்து அடிக்கலாம்?

கேள்வி: உரும்பிராயில் 5 பரப்பில் முந்திரிகை (திராட்சை) செய்கிறேன். கொப்பு வெட்டும்போது பந்தலில் ஒரு பச்சைப் பாம்பு தொங்கியது. மெல்லிய உடம்பு, கூரான மூக்கு. பட்டப்பகலில் அசையாமல் நின்றது. மலைநாட்டுப் பச்சை விரியன் இதுதான் என்று ஒருவர் போனில் படம் காட்டினார். வேலைக்கு வரும் பெண்கள் உள்ளே இறங்க மாட்டோம் என்கிறார்கள். மருந்துக் கடையில் தந்த குருணை மருந்தைத் தூண்களைச் சுற்றித் தூவினேன். இன்னும் என்ன அடிக்கலாம்?

பதில்: தம்பி, இனி ஒன்றும் அடிக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளமெல்லாம் கண்குத்திப் பாம்புக்குத்தான் பொருந்துகிறது. ஓணான், பல்லி பிடித்துத் தின்னும் பாம்பு அது. அதன் நஞ்சு ஆளைக் கொல்லாது. கண்ணைத் தேடிக் கொத்தும் என்ற கதையை அந்தப் பெண்களும் நம்ப வேண்டாம்.

மலைநாட்டுப் பச்சை விரியன் வேறு சாதி. இலங்கையைத் தவிர உலகில் எங்கும் கிடையாது. ஈரமான காடும் தேயிலையும் ஏலமும்தான் அதன் இடம், எங்கள் காய்ந்த யாழ்ப்பாணக் குடாநாடு அல்ல. உடம்பு தடிப்பு, தலை முக்கோணம், பச்சையின் மேல் பெரும்பாலும் கறுப்புக் கோலம். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு குழி இருக்கும். இரையின் உடற்சூட்டை அந்தக் குழியால் உணர்ந்து இருட்டிலும் பிடிக்கும். வாலால் கொப்பைச் சுற்றிக்கொண்டு தவளையோ எலியோ கிட்ட வரும்வரை கிடக்கும். முட்டையிடாது, குட்டி போடும். கொழுந்து பறிக்கும் உயரத்தில் இலையோடு இலையாக இருப்பதால் அங்கே கடி கையிலும் விரலிலும் விழுகிறது. உயிர் போவது அரிது, ஆனால் வீக்கமும் நோவும் கடுமை, இரத்தம் உறைவதும் கெடலாம். இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலுக்காகச் செய்தது. பச்சை விரியனுக்கு அது உதவாது. மலைநாட்டுக்காரர் அதற்குப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

நீங்கள் பயப்பட வேண்டியது பந்தலுக்குக் கீழே. வெட்டிய கொப்பை வரம்போரமே குவித்திருக்கிறீர்களா? பழைய கிடுகு அடுக்கியிருக்கிறதா? உதிர்ந்த பழம் அப்படியே கிடக்கிறதா? அங்கே எலி சேரும், எலியைத் தேடிப் புடையன் வரும். கண்ணாடி விரியனைத்தான் சொல்கிறேன். சருகு நிறத்தில் கிடக்கும், மிதித்தால் காலில் கடிக்கும், சிறுநீரகத்தையே பழுதாக்கும். விடியப்புறம் இறைப்புக்கு வெறுங்காலோடு, ரோச் லைட் இல்லாமல் போகிறவர்கள் எங்கள் ஊரில் இன்னும் எத்தனை பேர்! மேலே பார்த்துப் பயந்துகொண்டு கீழே பாராமல் நடக்காதீர்கள்.

அந்தக் குருணை பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அது பூச்சிக்குச் செய்த நஞ்சு. தோட்டத்தில் தூவிப் பாம்பை வராமல் நிறுத்தும் மருந்து எதுவும் இல்லை. இருக்கிறது என்று விற்கிறவர் உங்கள் பயத்தைக் காசாக்குகிறார், அவ்வளவுதான். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் நிற்கும் மழைத்தண்ணீரைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். மேலே தூவுவது இறைக்க இறைக்க அங்கேதான் இறங்கும், உங்கள் கிணற்றோடு நிற்காமல் பக்கத்து வீட்டுக்கும் போகும். மண்புழுவும் சாகும். மிச்சப் பையைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். தூவியது மேலே கிடந்தால் கையுறை போட்டு வழித்து எடுங்கள், அந்த இடத்துக்கு இப்போதைக்குத் தண்ணீர் விடாதீர்கள். பழம் பறிக்கும் முன், எத்தனை நாள் விடவேண்டும் என்று பையில் போட்டிருப்பதைப் பாருங்கள்.

கொப்பையும் பழத்தையும் அன்றன்றே அகற்றுங்கள். எலி வளையைத் தோண்டி மூடுங்கள். சாரைப்பாம்பைக் கண்டால் அடிக்காதீர்கள், எலியை அதுதான் தின்கிறது. வேலையாட்களுக்கு பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள், மருந்துக்குக் கொடுத்த காசு அதற்குப் போயிருக்கலாம்.

யாரையும் கடித்தால் கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிட்டு, நேரே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.