முடக்குவாதம் மூட்டு நோய்தானே, இதயப் பரிசோதனை எதற்கு?

கோத்தகிரியில் தேயிலை பறிக்கும் உங்கள் தாயாருக்கு முடக்குவாதம் என்றும், கொழுப்பு அளவு சரியாக இருந்தும் மருத்துவர் இதயப் பரிசோதனை எழுதியது ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முடக்குவாதத்தில் உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டுச் சவ்வைத் தாக்குகிறது. அப்போது சுரக்கும் டிஎன்எஃப், இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் புரதங்கள் மூட்டோடு நின்றுவிடாமல் இரத்தத்தில் கலந்து, தமனிகளின் உட்சுவரைப் பழுதாக்கி, அங்கே கொழுப்புப் படிவதை விரைவுபடுத்துவதோடு, படிந்த திட்டுகள் எளிதில் வெடிக்கவும் வழிசெய்கின்றன. காலையில் கொழுந்தைக் கிள்ள விடாமல் விரல்களை இறுக்கும் அதே அழற்சிதான் இரத்தக் குழாய்களிலும் வேலை செய்கிறது.

கொழுப்பு அறிக்கையை மட்டும் நம்பிவிடாதீர்கள். அழற்சி தீவிரமாக இருக்கும்போது இரத்தக் கொழுப்பு தாழ்வாகவே காட்டக்கூடும். ஆபத்தோ அப்போதுதான் கூடுதல். இதனாலேயே ஐரோப்பிய வாதநோய் வழிகாட்டுதல், வழக்கமாகக் கணக்கிடும் இதய ஆபத்தை இந்நோயாளிகளுக்கு 1.5 ஆல் பெருக்கச் சொல்கிறது.

மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகளால் அழற்சியை அடக்கி வைப்பது இதயத்துக்கும் நல்லது. மருத்துவமனை தொலைவு என்பதற்காக மருந்துக் கடையில் வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது, எனக்கு மிகவும் கவலை தரும் பழக்கம். இரண்டுமே இதய ஆபத்தைக் கூட்டக்கூடியவை. ஸ்டீராய்டை நெடுநாள் உட்கொண்டவர் திடீரென நிறுத்தவும் கூடாது. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தவறாமல் பாருங்கள். மேட்டில் ஏறும்போது நெஞ்சு இறுகினாலோ மூச்சு வாங்கினாலோ, வயதாகிவிட்டது என்று தள்ளிவிடாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.