பைத்தானில் "வேலூர்" என்று கொடுத்து நீளம் கேட்டால் 3 வராமல் 6 வருகிறதே, ஏன்?

நீங்கள் எதையும் தப்பாகச் செய்யவில்லை. சத்துவாச்சாரியில் சாயங்காலம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு பைத்தான் சொல்லித் தருகிறேன், ஒவ்வொரு பேட்ச்சிலும் யாராவது ஒருவர் சொந்த ஊர் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு "சார், இதுக்கு எண்ணவே தெரியல" என்று சொல்லாமல் இருந்ததில்லை. கம்ப்யூட்டர் சரியாகத்தான் எண்ணுகிறது, ஆனால் நாம் எழுத்து என்று எதைச் சொல்கிறோமோ அதை அது எண்ணுவதில்லை.

ரயில் டிக்கெட்டில் காட்பாடிக்கு கே.பி.டி., வேலூர் கன்டோன்மென்டுக்கு வி.எல்.ஆர். என்று இருக்கும் இல்லையா, ஊருக்கு ஒரு குறியீடு, நாடு முழுக்க அதே குறியீடு. கம்ப்யூட்டர் எழுத்துகளை அடையாளம் காண வைத்திருக்கும் யூனிகோடும் அப்படித்தான், ஒவ்வொரு குறிக்கும் ஒரு எண். தமிழுக்கு அதில் ஒதுக்கியிருப்பது மொத்தம் 128 இடம். நம் எழுத்தோ 247. அதனால் உயிரெழுத்துகள், க ங ச என்று அகரம் ஏறிய மெய்கள், அப்புறம் கால், கொம்பு, புள்ளி மாதிரியான குறிகள், இவற்றுக்கு மட்டும் எண் கொடுத்து மற்றதைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். வ, ஏகாரக் கொம்பு, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி. எண்ணிப் பாருங்கள், ஆறு.

இதில் ஒரு வேடிக்கை. பள்ளிக்கூடத்தில் க் + அ = க என்று படித்தோம், இங்கே தலைகீழ்: க என்பது ஒன்று, க் என்பது இரண்டு, ஏனென்றால் புள்ளிக்குத் தனி எண். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாகப் போட்ட 1988ஆம் வருட இஸ்கி முறையை ஒட்டி யூனிகோடை அமைத்ததால் வந்த வினை. எனக்கு இதில் இன்னும் வருத்தம் உண்டு. ஓர் எழுத்துக்கு ஓர் எண் தரும் டேஸ்16 முறையையும் 2010இல் தமிழ்நாடு அரசு அங்கீகரித்தது, ஆனால் நம் போனில் ஓடுவது யூனிகோடுதான்.

பைட் கணக்கு வேறு. யூனிகோடு எண்களைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், ஆக வேலூர் 18 பைட். எஸ்எம்எஸ்ஸில் இங்கிலீஷில் 160 அடிக்க முடிகிற இடத்தில் தமிழில் 70தான் போவதற்கும் இந்த மாதிரிக் கணக்குதான் காரணம் (அங்கே குறிக்கு 2 பைட், மொத்தம் 140).

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைத்துவிடாதீர்கள், நானே இதில் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் கேன் போடும் ஒரு அண்ணனுக்கு ஏரியா வாரியாகக் கணக்குப் பார்க்க சின்னதாக ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். மாசக் கடைசியில் பார்த்தால் கொணவட்டம் இரண்டு தடவை வருகிறது, இரண்டிலும் பாதிப் பாதி கேன். "தம்பி, எனக்குத் தெரிஞ்சு ஒரு கொணவட்டம்தான் இருக்கு" என்றார். கண்ணால் பார்த்தால் துளி வித்தியாசம் இல்லை. ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்த பிறகுதான் பிடிபட்டது: "கொ"வில் இருக்கும் ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டு எண்ணாகவும் எழுதலாம். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியலில் இரண்டாவது வகை, கையால் அடித்ததில் முதல் வகை. பைத்தானிலேயே இருக்கும் யூனிகோடுடேட்டா மாட்யூலில் நார்மலைஸ் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு, எல்லாப் பெயரையும் என்எஃப்சி வடிவத்துக்கு (கொம்பும் காலும் சேர்ந்து ஒரே எண்ணாகிவிடும் வடிவம்) மாற்றியதும் இரண்டு கொணவட்டமும் ஒன்றாகிவிட்டது.

சரி, 3 என்ற விடை வேண்டுமென்றால் ஓப்பன்-தமிழ் என்ற லைப்ரரியை இன்ஸ்டால் செய்யுங்கள், சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கொடுக்கும், அந்தப் பட்டியலின் நீளத்தை எடுத்தால் போதும். அப்புறம் "வேலூர்" என்பதை அப்படியே திருப்பிப் போட்டுப் பாருங்கள், ஒட்ட இடமில்லாமல் ஒரு புள்ளி முன்னால் தொங்கும், பின்னால் "ரூலேவ" என்று ஏதோ வரும். எழுத்தாகப் பிரித்துவிட்டுத் திருப்பினால்தான் "ர்லூவே".