சூப்பர் ஹீரோ படங்களில் உடையின் நிறம் மங்கினால் வன்முறை கூடும் என்கிறார்களே, உண்மையா?

டிரெய்லர் வந்த அன்றே இது தொடங்கிவிடுகிறது. உடையின் சிவப்பு போன படத்தைவிட இருண்டிருக்கிறது, அதனால் இந்த முறை ரத்தம் அதிகம் என்று ஒருவர் எழுதுவார். இல்லை, மஞ்சள் சேர்த்திருக்கிறார்கள், இது குழந்தைகளுக்கான படம் என்பார் இன்னொருவர். நீங்கள் கேட்டிருப்பதும் அதைத்தான். உடையின் நிறத்தை வைத்து வன்முறையைக் கணிக்க முடியாது. ரத்தத்தின் நிறத்தை வைத்து ஓரளவு கணிக்கலாம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு என் வேலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் 14 வருடமாக ஷேடு, அதாவது நிறத்தின் சாயல், பார்க்கிறேன். பையர் (துணி வாங்கும் நிறுவனம்) அனுப்பும் உள்ளங்கை அளவு துணிக்கு ஏற்றபடி சாயம் கலந்து, லேப் டிப் (சிறு துணியில் மாதிரிச் சாயம்) போட்டு, அப்ரூவல் வாங்கித் தருவது என் பொறுப்பு. லேபின் மூலையில் ஒரு லைட் பாக்ஸ் இருக்கிறது. உள்பக்கம் முழுக்கச் சாம்பல் பூச்சு, மேலே வரிசையாக விளக்குகள். ஒரு ஸ்விட்சைப் போட்டால் டி65, அதாவது பகல் வெளிச்சம். அடுத்ததைப் போட்டால் டிஎல்84, ஐரோப்பியக் கடைகளில் வழக்கமாக இருந்த டியூப் லைட். சட்டைத் துணியையும் காலர் ரிப்பையும் (கழுத்துப் பட்டைத் துணி) பக்கத்தில் பக்கத்தில் வைத்து டி65இல் பார்த்தால் இரண்டும் ஒரே சிவப்பாக இருக்கும். ஸ்விட்சை மாற்றியதும் ரிப் மட்டும் செங்கல் நிறத்துக்குச் சாய்ந்து நிற்கும். துணியை யாரும் தொடவே இல்லை, மாறியது வெளிச்சம்தான். இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். வெவ்வேறு சாயக் கலவையில் வந்த இரண்டு துணிகள் ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போய் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும்.

இப்போது ரசிகர்கள் செய்வதை யோசித்துப் பாருங்கள். படப்பிடிப்புத் தளத்தில் வெயிலில் தூரத்திலிருந்து எடுத்த ஒரு போட்டோ, டிரெய்லரிலிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட், பொம்மைப் பெட்டியின் மேல் அச்சான ஒரு படம். மூன்றையும் போனில் ஒட்டவைத்து, உடை கருத்துவிட்டது என்கிறார்கள். மூன்றும் மூன்று வெளிச்சம். டிரெய்லருக்கு மேலே கலர் கிரேடிங் (கம்ப்யூட்டரில் நிறத்தை மாற்றுவது) வேறு நடந்திருக்கும். எங்கள் லேபில் இப்படி ஷேடு சொன்னால் அந்த ஆர்டரே திரும்பி வந்துவிடும்.

2013இல் வந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' இதற்கு நல்ல உதாரணம். சூப்பர்மேனின் நீலமும் சிவப்பும் அதில் சாம்பல் பூத்துக் கிடந்தன. படத்தின் முடிவில் அவரே வில்லன் ஜெனரல் ஸாடின் கழுத்தை முறித்துக் கொல்கிறார். மங்கல் நிறம், கொலை, இரண்டும் ஒரே படத்தில் வந்ததால் ரசிகர்கள் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். பிற்பாடு சிலர் அந்தக் காட்சிகளையே நிறம் திருத்தி வெளியிட்டார்கள். வானம் நீலமானது, தோளில் தொங்கும் கேப் பளிச்சென்று சிவந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதிலும் அடியும் இடியும் அப்படியே இருக்கின்றன, கட்டடங்கள் அப்படியே சரிகின்றன. வன்முறை கதையில் இருக்கிறது. நிறம் அதற்கு மேல் போட்ட போர்வை.

ரசிகர்கள் பக்கம் இருக்கும் பலமான சான்று 'ஜஸ்டிஸ் லீக்'. 2017இல் திரையரங்குக்கு வந்தது ஒரு வடிவம், 2021இல் இயக்குநர் ஸாக் ஸ்னைடரின் நான்கு மணி நேர வடிவம். முதலாவது நிறம் கூடியது, அமெரிக்காவில் பிஜி-13 (13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம் என்று பெற்றோரை எச்சரிக்கும் சான்றிதழ்). இரண்டாவது மங்கலானது, சூப்பர்மேனுக்குக் கறுப்பு உடை, வில்லன் ஸ்டெப்பன்வுல்ஃபின் தலையை வொண்டர் வுமன் வெட்டுகிறார், ஆர் ரேட்டிங் (17 வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் துணை வேண்டும்). கதையும் பாத்திரங்களும் அவையே. இதைக் காட்டி என்னிடம் வாதாடினால் நான் மறுக்க மாட்டேன், இரண்டும் சேர்ந்து மாறியது உண்மை. ஆனால் நிறம் மாறியதால் வன்முறை கூடவில்லை. யாருக்காக இந்தப் படம் என்று ஒரு முடிவு எடுத்தார்கள், அந்த ஒரே முடிவிலிருந்து இரண்டும் வந்தன.

ஹல்க் கதை தெரியுமா? 1962இல் காமிக்ஸின் முதல் இதழில் ஹல்க் சாம்பல் நிறம். அச்சகத்தில் அந்தச் சாம்பல் ஒரே மாதிரி வரவில்லை, பக்கத்துக்குப் பக்கம் மாறியது. இரண்டாம் இதழில் பச்சையாக்கிவிட்டார்கள். கோபத்தின் நிறம், விஷத்தின் நிறம் என்று நாம் இன்று பச்சைக்கு எவ்வளவோ அர்த்தம் சொல்கிறோம். மூலகாரணம் அச்சுக் கோளாறு. இதைப் படித்தபோது எனக்கு அந்த அச்சகக்காரர்கள் மேல் அவ்வளவு பாசம் வந்தது. எங்கள் தொழிலிலும் சாம்பல்தான் படுத்தி எடுக்கும். மூன்று சாயமும் துளித்துளியாகத்தான் விழும், ஒன்று இம்மி கூடினாலும் லாட் முழுக்கப் பச்சைப் பக்கமோ சிவப்புப் பக்கமோ போய்விடும். ராத்திரி இரண்டு மணிக்கு மெஷினிலிருந்து இறங்கிய துணி ஷேடு தப்பினால் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் தெரியும் அந்த வேதனை.

சரி, ரத்தத்துக்கு வருகிறேன். தணிக்கைக்காரர்களைப் படம் எடுப்பவர்கள் நிறத்தை வைத்தே சமாளித்திருக்கிறார்கள், அதற்குச் சான்று இருக்கிறது. 1976இல் 'டாக்ஸி டிரைவர்' படத்தின் கடைசித் துப்பாக்கிச் சண்டைக்கு மார்ட்டின் ஸ்கார்செஸி நிறத்தை வெளிறவைத்தார். ரத்தம் பழுப்பாகத் தெரிந்தது, பெரியவர்களுக்கு மட்டும் என்ற எக்ஸ் ரேட்டிங் தவிர்ந்தது. 2003இல் 'கில் பில்' முதல் பாகத்தின் பெரிய வாள் சண்டை அமெரிக்காவில் கறுப்பு வெள்ளையில் ஓடியது. ஜப்பானில் அதே சண்டை கலரில். வெட்டு ஒன்றுதான், சிவப்பைக் கழித்ததும் தணிக்கைக்காரர்கள் மனசு கொஞ்சம் ஆறிவிட்டது. நிறம் மங்கினால் வன்முறை கூடும் என்பதற்கு இது நேர் எதிர். மங்கிய நிறம் வன்முறையை நாம் தாங்கிக்கொள்ளும்படி ஆக்கிவிடுகிறது.

அவெஞ்சர்ஸ் படங்களில் இதையே வேறு வழியில் செய்கிறார்கள். 2012இல் வேற்றுக் கிரகத்துப் படை, 2015இல் அல்ட்ரானின் ரோபோக்கள், 2018இல் ஒரு சொடக்கில் பாதி உயிர்கள் தூசியாய் உதிர்கின்றன. எண்ணிக்கையில் அதைவிடப் பெரிய சாவு எந்தப் படத்திலும் இருக்குமா தெரியவில்லை. ஒரு சொட்டுச் சிவப்பு இல்லாமல் முடிந்துவிடுகிறது, குடும்பத்தோடு உட்கார்ந்து பாப்கார்ன் சாப்பிட்டபடி பார்த்தோம்.

எதிர்ப்பக்கம் டெட்பூல். 2016 படத்தில் அவனே சொல்கிறான், என் ரத்தம் எதிரிக்குத் தெரியக்கூடாது என்றுதான் சிவப்பு உடை என்று. பளிச்சென்ற சிவப்பு, படம் முழுக்க வெட்டும் குத்தும், இங்கே 'ஏ' சான்றிதழ்.

2024 ஜூலையில் 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' வந்தது. என் அக்கா மகனுக்கு அப்போது 11 வயது. போஸ்டரில் வுல்வரின் மஞ்சள் உடையில் நிற்கிறார். 2000இல் முதல் எக்ஸ்-மென் படத்தில் எல்லோருக்கும் கறுப்புத் தோல் உடை கொடுத்தார்கள். காமிக்ஸில் வுல்வரின் போடும் அந்த மஞ்சளை, அவராக நடிக்கும் ஹியூ ஜாக்மன் உடம்பில் பார்க்க ரசிகர்கள் 24 வருடம் காத்திருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் நானும் சான்றிதழைக் கவனிக்காமல் போனில் இரண்டு டிக்கெட் போட்டுவிட்டேன். வாசலில் நின்ற பெண் பையனைப் பார்த்துவிட்டு, "ஏ படமுங்கண்ணா, தம்பிய விட முடியாதுங்க" என்றார். அவன் என் கையைப் பிடித்து இழுத்தான். "ஏனுங் மாமா, மஞ்சக் கலரு சட்டதானுங்? சின்னப் பசங்க படம் மாதிரிதான இருக்குது?" என்றான். என்னிடம் பதில் இல்லை. வெளியே தள்ளுவண்டியில் காளான் வாங்கிக் கொடுத்தேன். வெங்காயம் தூவி, தட்டு சுடச்சுட வந்தது. அழுகையை அடக்கிக்கொண்டே சாப்பிட்டு முடித்தான்.

அடுத்த நாள் லேபில் வெட்டுத் துணிகள் நான்கை எடுத்து மேஜையில் விரித்தேன். கறுப்பு, நேவி, சிவப்பு, மஞ்சள். சிவப்புச் சாயக் கரைசலை பிப்பெட்டில் எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டேன். கறுப்பில் ஈரப் பளபளப்பு மட்டும், காய்ந்ததும் அதுவும் இல்லை. நேவியில் சற்றே கருத்த ஒரு வட்டம். சிவப்பில் ஈரம் இருக்கும்வரை திட்டு, அப்புறம் தேடினால்தான் தெரிகிறது. மஞ்சளில் விழுந்த சொட்டு ஓரம் கிழிந்த பூ மாதிரி பரவியது. கதவருகே நின்று பார்த்தாலும் கண்ணில் குத்தியது. மஞ்சள் உடை என்றால் விளையாட்டுத்தனமான படம் என்று எழுதியவர்கள் இதை யோசிக்கவில்லை. ரத்தத்தைக் காட்டுவதுதான் நோக்கம் என்றால் மஞ்சளைவிட நல்ல துணி கிடையாது. ரத்தத்தை மறைக்க வேண்டுமென்றால் பேட்மேன் மாதிரி கறுப்பு. 2022இல் வந்த 'தி பேட்மேன்' ஏறக்குறைய மூன்று மணி நேரம் இருட்டிலும் மழையிலும் நடக்கிறது, தொடர்கொலைகாரன் கதை, ஆனாலும் அமெரிக்காவில் பிஜி-13தான் வாங்கியது.

நம் ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது புதுசும் இல்லை. எங்கள் ஊர் எல்லையில் முனியப்பன் சிலை இருக்கிறது. கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் பெயின்ட் அடிப்பார்கள். நீல வேட்டி, ரோஸ் கச்சை, மஞ்சள் மாலை, கையில் அருவாள். அதைவிடப் பளிச்சென்ற உருவத்தை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. பொழுது சாய்ந்தபின் அந்த வழியே போகச் சொன்னால் இந்த வயதிலும் யோசிப்பேன். பளிச்சென்றிருந்தால் சாது, இருண்டிருந்தால் கொடூரம் என்ற கணக்கு நமக்கு வெளியிலிருந்து வந்தது.

அதனால் அடுத்த டிரெய்லர் வரும்போது உடையை விட்டுவிட்டு அடி விழும் இடத்தைப் பாருங்கள். அடி வாங்குவது மனிதனா, ரோபோவா? வெட்டு விழுந்ததும் காட்சி நிற்கிறதா, சட்டென்று வேறு பக்கம் போகிறதா? படம் வெளிவரும் வாரம் சான்றிதழைப் பாருங்கள். யூஏ-வை இப்போது 7+, 13+, 16+ என்று பிரித்திருக்கிறார்கள், முன்பைவிடத் தெளிவு.

ஒன்று மட்டும் ரத்தக் கணக்கிலும் அடங்கவில்லை. 2025இல் ஜேம்ஸ் கன் எடுத்த 'சூப்பர்மேன்' வந்தது. உடைக்கு மேலே போடும் சிவப்பு ட்ரங்க்ஸ் (ஜட்டி) திரும்பி வந்திருந்தது, நீலம் நீலமாகவே இருந்தது. இந்த முறை விசாரித்துவிட்டுத்தான் பையனைக் கூட்டிப்போனேன். (இன்னும் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.) அதில் தெருவில் தள்ளுவண்டி வைத்து ஃபலாஃபெல் (கொண்டைக்கடலை வடை) விற்கும் மாலி என்ற ஒரு சாதாரண மனிதர் வருகிறார். சூப்பர்மேனுக்கு உதவியதற்காக வில்லன் லெக்ஸ் லூதர் அவரைப் பிடித்துவந்து, சூப்பர்மேன் கண்ணெதிரே தலையில் சுடுகிறான். கட்டடங்கள் இடிந்தபோதெல்லாம் சீட்டு நுனியில் உட்கார்ந்து ரசித்தவன் அங்கே என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

வீட்டுக்கு வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசவில்லை. அவிநாசி ரோட்டில் சிக்னலில் நின்றபோது கேட்டான். "மாமா, அந்தக் கடக்காரரு அடுத்த பார்ட்ல வருவாருங்களா?"