எம்.எஸ். உள்ளவர் கைரோபிராக்டரிடம் கழுத்தைக் கொடுக்கலாமா?

கேள்வி: கனடாவில், ஸ்காபரோவில் வசிக்கிறேன். வயது 39. நான்கு ஆண்டுகளுக்கு முன் மல்டிபிள் ஸ்களீரோசிஸ் என்று கண்டுபிடித்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒக்ரலிசுமாப் மருந்து ஏற்றிக்கொள்கிறேன். வலது கால் கொஞ்சம் இழுக்கும். ஒரு வருடமாக நாரி (கீழ் முதுகு) உளைவும் கழுத்துப் பிடிப்பும் விட்டபாடில்லை. அருகிலுள்ள கைரோபிராக்டர் (முதுகெலும்பைக் கையால் அசைத்துச் சிகிச்சை செய்பவர்) ஒருவர், கழுத்தின் முதல் எலும்பு விலகியிருக்கிறது, அதைச் சரிசெய்தால் எம்.எஸ். தணியும் என்கிறார். 24 தடவைக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொல்கிறார். அம்மாவின் தோழி ஒருவருக்கு இதில் நல்ல சுகமாம். போகலாமா?

பதில்: நாரிக்கு வேண்டுமானால் போய்ப் பாருங்கள், சில நிபந்தனைகளோடு. கழுத்தை மட்டும் கொடுக்காதீர்கள். எம்.எஸ். தணியும் என்ற பேச்சை நம்பி ஒரு டாலரும் கட்டாதீர்கள்.

உங்கள் உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் மூளையிலும் முள்ளந்தண்டு வடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மயலின் உறையைத் தாக்குகின்றன. அதுதான் எம்.எஸ். எலும்பு விலகி நரம்பை நசுக்குவதால் வருகிற நோய் அல்ல இது. எலும்பை எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்த அணுக்களின் போக்கு மாறப்போவதில்லை. நோய்களில் பெரும்பாலானவை முதுகெலும்பு விலகுவதால் வருகின்றன என்பது, 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் கைரோபிராக்டிக்கைத் தொடங்கிய டி.டி. பால்மரின் கொள்கை. இன்றைய கைரோபிராக்டர்களிலேயே பலர் அதை விட்டு விலகிவிட்டார்கள்; உங்கள் அயலிலுள்ளவர் விடவில்லை போலிருக்கிறது. எப்போதோ கழுத்தில் பட்ட அடிதான் எம்.எஸ்.ஸைக் கொண்டுவந்தது என்றும் சிலர் சொல்வார்கள். கிடைத்த ஆய்வுகளை 1999இல் திரட்டிப் பார்த்த அமெரிக்க நரம்பியல் அகாதமி, உடல் காயத்துக்கும் எம்.எஸ்.ஸுக்கும் தொடர்பு இல்லை என்றே முடிவு சொன்னது.

‘சடக்’ என்று கேட்கிற சத்தமும் எலும்பு தன் இடத்துக்குத் திரும்பிய சத்தமில்லை. மூட்டு சட்டென்று விரியும்போது உள்ளே இருக்கும் திரவத்தில் வாயுக் குழி ஒன்று உண்டாகிறது. 2015இல் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தினர் விரல் மூட்டைச் சொடுக்கும்போதே எம்.ஆர்.ஐ. எடுத்து இதைக் காட்டினார்கள்.

அம்மாவின் தோழி பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. எம்.எஸ். பெரும்பாலானவர்களுக்கு ஏறி இறங்கும் நோயாகவே தொடங்குகிறது. ஒரு தாக்குதல் வந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பகுதி தானாகவே தணியும். உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் வைத்தியம் தேடி ஓடுவார். அதன்பின் இறங்குவதற்கு அந்த வைத்தியத்துக்குப் பெயர் கிடைக்கும். இந்த நாடு இதை ஒருமுறை பெரிய அளவிலேயே பார்த்தது. கழுத்து நாளங்கள் சுருங்குவதே எம்.எஸ்.ஸுக்குக் காரணம் என்று இத்தாலிய மருத்துவர் பாவ்லோ சம்போனி 2009இல் சொன்னதும், நாளத்தை பலூன் வைத்து விரிக்கக் கனடாவிலிருந்து பலர் சொந்தப் பணத்தில் வெளிநாடு போனார்கள். பிறகு இங்கேயே 104 நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தபோது, உண்மையாக விரிக்கப்பட்டவர்களுக்கும் விரித்ததுபோல் பாவனை செய்யப்பட்டவர்களுக்கும் வேறுபாடு இல்லை.

இனி உங்கள் வலிக்கு வருவோம். எம்.எஸ். உள்ளவருக்கு வரும் வலி ஒரே வலி அல்ல. எது என்று பிரித்துப் பார்க்காமல் யாரும் கை வைக்கக் கூடாது. எரிவு, மின்னல் போன்ற குத்தல், நெஞ்சைச் சுற்றி வார் இறுக்கினாற்போன்ற பிடிப்பு ஆகியவை சேதப்பட்ட நரம்பே எழுப்பும் வலிகள். அவற்றுக்கு கபாபென்டின் போன்ற மருந்துகள் உண்டு; முதுகை அழுத்துவதால் பயன் இல்லை. கெண்டைக்கால் மரம்போல் விறைத்து இழுப்பது தசை இறுக்கம். அதற்கு நீட்டல் பயிற்சியும் பக்லோபென் என்ற மருந்தும். மூன்றாவது, நடை கெட்டதால் வரும் மூட்டு, தசை வலி. கைரோபிராக்டருக்கு இடம் இருப்பது இந்த மூன்றாவதில் மட்டும்தான்.

உங்களுடையது இந்த மூன்றாவதாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. வலது பாதத்தின் முன்பகுதி தூக்க வராவிட்டால், அது தரையில் இடறாமலிருக்க ஒவ்வொரு அடிக்கும் இடுப்பை மேலே இழுத்து நடப்பீர்கள். நாளொன்றுக்குச் சில ஆயிரம் தடவை நாரித் தசை அந்த வேலையைச் செய்கிறது. வீட்டில் யாரையாவது பின்னால் நின்று நீங்கள் நடப்பதைத் தொலைபேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். வலது இடுப்பு ஒவ்வொரு அடியிலும் ஏறி இறங்கினால், வலது சப்பாத்தின் முனை மட்டும் தேய்ந்திருந்தால், நாரியைத் தட்டிக்கொடுப்பதால் இரண்டு நாள் சுகம் கிடைக்கும், மூன்றாம் நாள் அதே நடை அதே வலியைத் திரும்பக் கொண்டுவரும். நரம்பியல் அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்ட் ஒருவரை முதலில் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

சாதாரண நாரி வலிக்கு முதுகெலும்பைக் கையால் அசைக்கும் சிகிச்சை ஓரளவு உதவுகிறது. உடற்பயிற்சி முதலிய மற்ற வழிகளைவிட அதிகமாக அல்ல, ஏறக்குறைய அதே அளவில். எம்.எஸ். உள்ளவரின் நாரி வலிக்கும் அந்த அளவு எதிர்பார்ப்போடு போகலாம். முதலில் உங்கள் எலும்பின் பலம் தெரியவேண்டும். தாக்குதல்களுக்காக ஸ்டீரோயிட் பலமுறை எடுத்தவர்களுக்கும் நடமாட்டம் குறைந்தவர்களுக்கும் எலும்பு அடர்த்தி குறைந்திருக்கலாம். குடும்ப மருத்துவரிடம் அந்தப் பரிசோதனையைக் கேளுங்கள். அடர்த்தி குறைவென்றால் வேகமாகத் தள்ளும் முறை வேண்டாம். மெதுவாக அசைப்பதோடு நிறுத்தச் சொல்லுங்கள். சூட்டு ஒத்தடம் வைத்தால் கவனம். தோல் மரத்த இடத்தில் சுடுவது தெரியாமலே புண்ணாகிவிடும். உடம்பு சூடேறினால் எம்.எஸ். குறிகள் தற்காலிகமாகக் கூடவும் செய்யும்.

கழுத்தை ஏன் இவ்வளவு கண்டிப்பாக மறுக்கிறேன்? கழுத்தைச் சட்டென்று திருப்பும்போது, மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. அரிது. எவ்வளவு அரிது, திருப்பியதுதான் காரணமா என்பதில் சண்டை ஓயவில்லை. ஒன்ராறியோவில் இவ்வகைப் பக்கவாதம் வந்த 818 பேரின் பதிவுகளைப் பார்த்து 2008இல் வெளியான ஆய்வு, அதற்கு முன் கைரோபிராக்டரிடம் போனவர்களுக்குப் பக்கவாதத்தோடு இருந்த தொடர்பு, குடும்ப மருத்துவரிடம் போனவர்களுக்கும் இருந்தது என்றது. ஏற்கெனவே கிழியத் தொடங்கிய தமனி தரும் கழுத்து வலியே அவர்களை இரண்டு இடத்துக்கும் அனுப்பியிருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம். சரி, அப்படியே எடுத்துக்கொள்வோம். கிழியத் தொடங்கிய தமனியுள்ள கழுத்தைத் திருப்புவது எனக்கு ஆறுதலான செய்தியாகத் தெரியவில்லை.

எம்.எஸ். உள்ளவருக்கு இதில் இன்னொரு பொறி இருக்கிறது. தலைசுற்றல், இரட்டைப் பார்வை, முகம் மரத்தல், தள்ளாட்டம், வாய் குழறல் ஆகியவை அந்தப் பக்கவாதத்தின் குறிகள், எம்.எஸ். தாக்குதலுக்கும் அதே குறிகள்தான். மற்றவர் பயந்து 911ஐ அழைக்கும் நேரத்தில் நீங்கள் “வழக்கமானதுதான்” என்று படுத்துவிடக்கூடும். பக்கவாதம் தொடங்கியதிலிருந்து, இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம். எம்.எஸ். குறிகள் மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் கூடிவரும். நிமிடத்தில் இடிபோல் இறங்குவதைப் பக்கவாதம் என்றே எண்ணி அழையுங்கள்.

தலையைக் குனியும்போது முதுகு வழியாக மின்சாரம் ஓடுவதுபோல் இருந்தால், கழுத்துப் பகுதி வடத்தில் புண் இருப்பதாக எம்.ஆர்.ஐ. சொன்னால், இந்த மறுப்பு இரட்டிப்பாகும். கழுத்துப் பிடிப்புக்கு மசாஜும் பயிற்சியும் தலையணை உயரத்தைச் சரிசெய்வதும் போதும்.

போவதென்று முடிவு செய்தால் உங்கள் நோய், மருந்து, எம்.ஆர்.ஐ. அறிக்கை எல்லாவற்றையும் சொல்லுங்கள். கழுத்தைத் திருப்ப வேண்டாம் என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். ஒன்ராறியோவில் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆபத்துகளை விளக்கி உங்கள் சம்மதம் பெற வேண்டும். கொடுத்த சம்மதத்தை நடுவில் திரும்பப் பெறவும் முடியும். அவர் மேசையிலிருந்து எழுந்து வந்துவிட உங்களுக்கு உரிமை இருக்கிறது. 24 தடவைக்கு முன்பணம் வேண்டாம். நாலைந்து தடவையில் நடையோ தூக்கமோ தேறவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். புதிதாக ஒரு குறி வந்து 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அவரிடமல்ல, எம்.எஸ். கிளினிக்குக்குத் தொலைபேசி எடுங்கள். ஒக்ரலிசுமாப் தேதியைத் தள்ளிப்போடச் சொன்னால் அந்த வாசலை மறுபடி மிதிக்காதீர்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்ராறியோ அரசு 2004இல் கைரோபிராக்டிக்குக்குக் கொடுத்து வந்ததை நிறுத்திவிட்டது. உங்களுக்கோ வீட்டிலுள்ளவருக்கோ வேலையிடக் காப்புறுதி இருந்தால், அதில் பிசியோதெரபிக்குத் தனியாக ஒரு தொகை இருக்கலாம். அதைக் கேட்டுப் பாருங்கள். பிசியோதெரபிஸ்ட் பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் பட்டை தேவை என்று சொன்னால், மாகாணத்தின் உதவிக் கருவித் திட்டம் தகுதியுள்ளவர்களுக்கு அங்கீகரித்த விலையில் 75 சதவீதம் தரும். விண்ணப்பம் ஏற்கப்படும் முன் பட்டையை வாங்கிவிடாதீர்கள்.