கேளுங்க சொல்றேன்: வெள்ளை மாளிகை புல்வெளியில வரிசையா நிக்கிற ஆபிசருங்க

கேள்வி: அண்ணே, மகனோட ஸ்கூல் வேலைக்காக இண்டர்நெட்ல பழைய அமெரிக்கா படங்க தேடினோம். 1920கள்ல கூலிட்ஜ்னு ஒரு பிரசிடெண்ட், அவரைப் பாக்க வந்த ஆபிசருங்களோட எடுத்த படம் ஏகப்பட்டது இருக்கு. எல்லாரும் வெளிய புல்லு மேல, கையில தொப்பியோட வரிசையா நிக்கிறாங்க. ரூம்புக்குள்ள உக்காந்து பேசுற படம் ரொம்பக் கொறைச்சல். ஏன்?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மொதக் காரணம் வெளிச்சம்தான் சிஸ்டர். அப்போ கேமராவுல போட்டது பெரும்பாலும் கண்ணாடி பிளேட்டு, அதுக்கு வெளிச்சம் நிறைய வேணும். ரூம்புக்குள்ள எடுக்கணும்னா தட்டுல மெக்னீசியம் பவுடரக் கொட்டிப் பத்த வைக்கணும், டமார்னு வெடிச்சு பொகையும் சாம்பலும் ரூம்பு பூரா பரவும், பிரசிடெண்ட் மேஜையில யாரு அத விடுவா? பிளாஷ் பல்பு அமெரிக்காவுல கடைக்கு வந்ததே 1930லதான். அதனால உள்ள பேசி முடிச்சிட்டு, இல்லன்னா பேசப் போறதுக்கு முன்ன, வெளிய வந்து நின்னு காட்டிட்டுப் போவாங்க.

கேமராவும் லேசுப்பட்டது இல்ல. கிராஃபிளெக்ஸ்னு ஒரு பெட்டி, மேல தோல் கூண்டு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், போட்டோகிராபர் அதுக்குள்ள மூஞ்சிய விட்டு குனிஞ்சுதான் பாக்கணும். ஒரு ஹோல்டர்ல முன்ன ஒன்னு பின்ன ஒன்னுன்னு ரெண்டே பிளேட்டு. ஒரு கிளிக் அடிச்சா உருவி, திருப்பி, மறுபடி சொருகணும். அதான் அத்தன பேரும் ஆணி அடிச்ச மாதிரி நிக்கிறாங்க.

இன்னொன்னும் சொல்லணும். நம்ம தமிழ்ப் பள்ளிக்கு ஒய்பி, அதான் நம்ம தொகுதி மக்கள் பிரதிநிதி, வந்து மோக் செக், அதான் அந்தப் பெரிய அட்டை செக், குடுக்குறப்போ பாருங்க, தலைமையாசிரியர் ஒரு பக்கம், பிஐபிஜிங்கற பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் ஒரு பக்கம், எல்லாரும் அட்டையப் புடிச்சுக்கிட்டு சிரிப்பாங்க, காசு எப்போ பேங்குல ஏறும்னு பேசுனது படத்துல வராது. அதே கதைதான் அங்கயும். வந்தாங்க, நின்னாங்கங்கறதுக்கு மட்டும்தான் அந்தப் படம் சாட்சி, உள்ள என்ன முடிவாச்சுங்கறதுக்கு இல்ல.

கூலிட்ஜ் அதிகம் பேசாத ஆளுன்னு பேரு வாங்குனவரு, ஆனா கேமரான்னா சலிக்காம நிப்பாரு. 1927ல தெற்கு டகோட்டாவுக்குப் போனவரு, பூர்வகுடிங்க குடுத்த இறகுக் கிரீடத்த மாட்டிக்கிட்டு போஸ் குடுத்திருக்காரு, தேடிப் பாருங்க, பாக்க வேண்டிய படம். அவருக்கு முன்ன இருந்த ஹார்டிங்கும் பத்திரிகை நடத்துன ஆளு, அவரு காலத்துலதான், 1921ல, வெள்ளை மாளிகை போட்டோகிராபருங்க தங்களுக்குன்னு சங்கமே ஆரம்பிச்சாங்க. ஹாரிஸ் அண்ட் யூவிங், நேஷனல் போட்டோ கம்பெனி, இவங்கதான் வாஷிங்டன்ல பெரிய கைங்க. நேஷனல் போட்டோவுக்கு சந்தா கட்டுனா வாஷிங்டன் படங்கள தினமும் அனுப்பி வைப்பாங்க. அப்போ தினம் ஒரு படம் வேணும், தினம் யாராவது வந்து நிக்கணும், புரியுதுங்களா.

கேள்வி: அந்தப் படங்கள்ல நம்ம மலாயாவுக்கு சம்பந்தப்பட்ட ஆளு யாராச்சும் இருக்காங்களா?
- வாசகர், பீடோர்

பதில்: நல்லாவே இருக்காரு, ஹெர்பர்ட் ஹூவர். 1921லேர்ந்து 1928 வரைக்கும் அவரு வர்த்தக மந்திரி, அப்புறம்தான் பிரசிடெண்ட். கூலிட்ஜ் மந்திரிசபை குரூப் போட்டோவுல அவரத் தேடிக் கண்டுபிடிங்க, கும்முனு இருக்குற மூஞ்சி. 1922 நவம்பர்ல நம்மள ஆண்ட பிரிட்டிஷ் வெள்ளக்காரன் ஸ்டீவன்சன் திட்டம்னு ஒன்னு கொண்டாந்து மலாயாவுலயும் இலங்கையிலயும் ரப்பர் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டான், வெல ஏறணும்னு. 1925ல ஒரு பவுண்டு ரப்பர் ஒரு டாலருக்கு மேல போயிருச்சு. உலகத்து ரப்பர்ல பெரும்பகுதிய டயருக்கு வாங்குனது அமெரிக்காக்காரன்தான், சும்மா இருப்பானா? ஹூவர்தான் அத எதுத்து பெரிய சத்தம் போட்டவரு, பழைய ரப்பர மறுபடி யூஸ் பண்ணுங்கன்னு பிரச்சாரமே பண்ணாரு. ஃபயர்ஸ்டோன் கம்பெனி 1926ல லைபீரியாவுல சொந்தமா தோட்டம் போடப் போச்சு. இந்தோனேசியாவ ஆண்ட டச்சுக்காரனும் கட்டுப்பாட்டுல சேரல, கடைசியில 1928 நவம்பர்ல திட்டத்த எடுத்துட்டாங்க. அப்புறம் வந்த பொருளாதார மந்தத்துல ரப்பர் வெல விழுந்து, தோட்டத்துல கூலியக் கொறச்சு, ஆயிரக்கணக்குல நம்ம ஆளுங்கள ஊருக்குக் கப்பல் ஏத்திவிட்டாங்க. பால் வெட்டுனவங்க மூஞ்சி அந்த வாஷிங்டன் படங்கள்ல எங்கயும் கெடையாது, ஆனா அவங்க சம்பளத்த ஆட்டி வச்ச சண்டையில நின்ன ஆளு அதுல கோட்டுப் போட்டுக்கிட்டு நிக்கிறாரு.

கேள்வி: ஹூவருக்கு அப்புறம் வந்த பிரசிடெண்ட் ரூஸ்வெல்ட் ஏன் எப்பவும் உக்காந்தே இருக்காரு?
- வாசகர், தாப்பா

பதில்: 1921ல போலியோ வந்து கால் ரெண்டும் செயலிழந்திருச்சு. நிக்கிற படம் வந்தா அவரு கையப் பாருங்க, மகன் கையையோ உதவியாளர் கையையோ இறுக்கிப் புடிச்சிருப்பாரு, கால்ல இரும்புப் பட்டை. வீல்சேர்ல இருக்குறத எடுக்கக் கூடாதுன்னு போட்டோகிராபருங்களுக்கு சொல்லி வச்சிருந்தாங்க, மீறுனா பாதுகாப்பு ஆளுங்க வந்து மறைப்பாங்க.

கேள்வி: பிரிண்ட் போட்டு மாட்டலாமா? ஓரத்துல வெள்ளையா ஏதோ எழுதியிருக்கே?
- அதே சுங்கை சிப்புட் வாசகி

பதில்: தாராளமா. அமெரிக்க காங்கிரஸ் நூலக வெப்சைட்லயே பெரிய சைஸ் ஃபைல் இருக்கு, நெறைய படத்துக்குக் காப்பிரைட் தடை இல்ல, பக்கத்துலயே போட்டிருப்பாங்க, பாத்துக்குங்க. வாட்ஸ்அப்ல வந்தத மட்டும் பிரிண்டுக்குக் குடுக்காதீங்க, கொழகொழன்னு வரும். ஓரத்துல இருக்குறது நெகட்டிவ் கண்ணாடியில மையால எழுதுன பேரும் நம்பரும், மை வெளிச்சத்த மறைக்கிறதால பிரிண்டுல வெள்ளையா விழுது. அவசரத்துல எழுதுனது, பேரு தப்பா இருக்கும் சில சமயம், மகன் அப்படியே காப்பி அடிக்காம இன்னொரு படத்தோட மூஞ்சிய ஒத்துப் பாக்கச் சொல்லுங்க.